அந்த முன் பிரேக்கைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நம் வீட்டுக் கடிதம் என்றால் ஆண்டவர் பெயரில் வாழ்த்துச் சொல்லித்தான் தொடங்கும். இந்த முறை அதை மேலே எழுதிவிட்டு, கீழே நான் எழுதப்போவதை எழுத எனக்கு முகம் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பெயர்களை அப்பா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'டில்லி குடும்பம்' என்று அவர் எழுதியதும் நீ எட்டிப் பார்த்து, "அந்தப் பேரை அடிச்சிடுங்கப்பா" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நீ சாயங்காலம் பஸ் ஏறிய பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் சிநேகிதன் டில்லி, ஆறாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவன், நம் வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்காமல் திறக்கும் உரிமை இருந்த ஒரே வெளியாள், அவன் பெயர் மேல் ஒரு கோடு.

அவனை நீ ஏன் ஒதுக்கினாய் என்று எனக்குத் தெரியும். உன் ரேஸ் வண்டியின் முன் பிரேக்கை அவன் கெடுத்தான், அதனால் நீ விழுந்தாய், தோள் எலும்பு முறிந்தது, வண்டியை விற்றாய், பந்தயக் கனவை மூட்டை கட்டினாய். இதுதான் ஒரு வருடமாக நீ நம்பிக்கொண்டிருப்பது. அந்த பிரேக்கைக் கெடுத்தது டில்லி இல்லை. நான். இதை நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் சொன்னால் பாதி கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். அந்தக் குணம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது, ஆகவே நன்றாகத் தெரியும். கடிதம் என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து மீதியைப் படிக்கலாம். முழுவதும் படி.

அந்த வண்டி வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. குட்டியானை லோடு வண்டியில் கயிறு போட்டுக் கட்டி, கோயம்புத்தூர்க்காரன் ஒருவனிடமிருந்து வாங்கியதாகக் கொண்டு வந்து நம் போர்டிகோவில் இறக்கினாய். ஹெட்லைட் இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, ஸ்டாண்டு கூட இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு இரும்புச் சட்டம் தனியாக வந்தது. "ஏன்டா, பாதிதான் குடுத்தானா?" என்று நான் கேட்டதற்கு நீயும் டில்லியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ரேஸ் வண்டி இப்படித்தான் இருக்குமாம். கியர் கூடத் தலைகீழாம். மேலே தூக்கினால் முதல் கியர், மிதித்தால் அடுத்தடுத்த கியர். நேராக இருக்கிற ஒன்றைத் தலைகீழாக்கி அதற்குக் கூடுதல் விலையும் கொடுத்து வாங்குகிற பிள்ளையை என்ன சொல்வது என்று தெரியாமல் நான் உள்ளே போய்விட்டேன். முப்பத்தொரு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அதில் பாதி வருடங்கள் விபத்துப் பிரிவில். ஜிஎஸ்டி ரோட்டில் விழுந்த பையன்களின் ஜீன்ஸை கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த கை இது. என் எரிச்சலுக்குப் பெயர் பயம்தான், ஆனால் அதை நான் எப்போது உன்னிடம் பயம் என்று சொன்னேன்? "வேற வேலை இல்லையா" என்றுதான் சொன்னேன்.

முதல் ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். வண்டி கிளம்பவே இல்லை. நீ மேலே உட்கார, டில்லி பின்னாலிருந்து தள்ள, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை நடை. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். டில்லி கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் போட்டு, ஊசி முனையளவு ஓட்டையெல்லாம் ஊதி ஊதிச் சுத்தம் செய்தான். "நல்ல இஞ்சின்தான் மச்சி. எவனோ மாசக்கணக்கா அப்டியே போட்டு வச்சிகீறான்" என்றான். நீ விற்றவனுக்கு போன் போட்டாய். "ஒரு கம்ப்ளைன்டும் இல்ல பிரதர், லாஸ்ட் வாரம் வரைக்கும் ஓடிச்சு" என்றான். அடுத்த போனை அவன் எடுக்கவில்லை. அதற்கடுத்ததையும் எடுக்கவில்லை. மத்தியானம் ஒருவழியாக வண்டி கிளம்பியபோது அந்தச் சத்தத்தில் நம் சமையலறை டம்ளர்கள் அதிர்ந்தன. சாலையில் ஓட்டக்கூடாத வண்டி என்பதால் மறுபடி குட்டியானை, மறுபடி கயிறு. படப்பை பக்கம் மனை போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு வீடும் எழும்பாமல் கிடந்த அந்த இடத்துக்குப் போனோம். முதலுதவிப் பெட்டியோடு நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஏறிக்கொண்டேன். நான்கு சுற்று நன்றாகப் போனது. ஐந்தாவது சுற்றில் மூச்சு அடைத்த மாதிரி இழுத்து, நின்றுவிட்டது. கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால் கிளம்பியது. மறுபடி நான்கு சுற்று, மறுபடி நின்றது. பிளக்கை மாற்றினீர்கள், காயிலை மாற்றினீர்கள், வொயரையெல்லாம் பிரித்துப் போட்டீர்கள். பொழுது சாயும் வரை அந்த வண்டி அதே வேலையைத்தான் காட்டியது.

அடுத்த ஞாயிறு காலை நான் செய்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஜெப எண்ணெய் குப்பி ஒன்று உண்டு, உனக்குத் தெரியும். கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த ஆலிவ் எண்ணெய். உன் முதல் சைக்கிளுக்கு வைத்தேன், அப்பா ஸ்கூட்டருக்கு வைத்தேன், உன் பரீட்சை ஹால் டிக்கெட்டின் ஓரத்தில் கூட ஒரு துளி வைத்து, எழுத்து ஊறிப்போய், நீ கத்தினாய். அந்த ரேஸ் வண்டி வந்த அன்று, "அம்மா, தயவு செஞ்சு இதுல சிலுவை போடறது, வசன ஸ்டிக்கர் ஒட்டறது, எதுவும் வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாய். சரி என்று தலையாட்டினேன். ஆனால் முதல் ஞாயிறு அந்த வண்டி நின்று நின்று போனதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. நீ குளிக்கப் போன நேரம் பார்த்து போர்டிகோவுக்குப் போனேன். டாங்கின் மேல் வைத்தால் பளபளப்பில் தெரிந்துவிடும். டயரில் வைத்தால் மண்ணில் தேய்ந்து போகும். முன் சக்கரத்தின் பக்கவாட்டில் வட்டமாக, சுத்தமாக, எவர்சில்வர் தட்டு மாதிரி ஒன்று இருந்தது. சக்கரத்துக்கு நெற்றி அதுதான் என்று தோன்றியது. விரலை எண்ணெயில் நன்றாக முக்கி, அந்தத் தட்டின் குறுக்கே நெடுக்கே பெரிய சிலுவையாகப் போட்டு, என் பிள்ளையைக் காப்பாற்றும் என்று சொன்னேன். அதற்குப் பெயர் டிஸ்க் என்றும், அதைக் கவ்விப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது என்றும் எனக்குத் தெரியாது. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு ஒரு ஈ உட்கார விடாதவள் நான். எண்ணெயும் ஒரு அழுக்குதான் என்று அன்றைக்கு என் மூளைக்கு எட்டவில்லை. அது எனக்கு எண்ணெயாகவே தெரியவில்லை, ஜெபமாகத்தான் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு வண்டி ஓடியது. படப்பையில் மறுபடி அதே மாதிரி நின்றதும், டில்லி யோசித்து யோசித்து, கடைசியில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. "மச்சி, டாங்குக்கு மூச்சு உட வழியே இல்லடா" என்று சொல்லி, மூடியிலிருந்து வரும் சின்ன ரப்பர் குழாயை உருவிக் கம்பியால் குத்தினான். உள்ளேயிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது. வண்டி சும்மா கிடந்த மாதங்களில் ஏதோ ஒரு குளவி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறது. காற்றுப் போக வழியில்லாததால் பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றிருக்கிறது. ஒரு குளவிக்காக இரண்டு ஞாயிறு நாசம். நீ அவனைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாய். நான் அந்தப் பக்கம் திரும்பி, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன். எண்ணெய் வைத்த அன்றே கோளாறு பிடிபட்டது பார், என்று எனக்குள் ஒரே பெருமை. பெருமையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, இனி விடாமல் வைக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன். அன்று கடைசிச் சுற்றில் நீ வேகமாக வந்து பிரேக் பிடித்தாய். வண்டி நிற்காமல் தார் முடியும் இடத்தைத் தாண்டி முள்செடிக்குள் போனது. "பிரேக் சுத்தமா பிடிக்கலடா" என்று முழங்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாய். அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. பழைய வண்டி, ஒன்று போனால் ஒன்று வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் டில்லி பிரேக் ஆயிலை மாற்றி, லைனில் காற்று இல்லாமல் வெளியேற்றி, தன் மெக்கானிக் கடை வாசலில் உருட்டிப் பார்த்து, கல் மாதிரி பிடிக்கிறது என்று சனிக்கிழமை கொண்டு வந்து விட்டான். ஞாயிறு காலை நான் எண்ணெய் வைத்தேன். படப்பையில் மறுபடி பிடிக்கவில்லை. லிவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. நீ ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. டில்லி அந்த டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடுகளைக் கழற்றிப் பார்த்தான். எண்ணெய் ஊறிக் கருத்திருந்தன. "முன் ஃபோர்க்குல சீல் போய்கீது போல. அதுலேர்ந்து ஆயில் ஒழுவி டிஸ்க்குல படுது" என்றான். அது நியாயமான சந்தேகம். பழைய வண்டிகளில் அப்படி நடக்குமாம். அந்த வாரம் முழுக்க அவன் தன் கடை வேலையைப் போட்டுவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டையும் பிரித்து, புது சீல் போட்டு, புது பேடு போட்டு, டிஸ்க்கை தினமும் துடைத்துத் துடைத்து வைத்தான். நான் ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டுக் கடைப் பக்கம் போனபோது சாப்பிடாமல் அதன் முன்னால் குந்திக்கொண்டிருந்தான். "சாப்டுட்டு செய்யேன்டா" என்றேன். "அவன் உயிரு இதுல கீதுமா" என்றான். ஃபோர்க்கும் சீலும் எனக்கு என்ன புரிந்தது? அந்த வார்த்தை புரிந்தது. புரிந்தும், வீட்டுக்கு வந்து குப்பியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

நான்காவது ஞாயிறு ஶ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் பயிற்சி நாள். அதில் நீ எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் அடுத்த மாதப் பந்தயத்தில் ஒரு டீம் உன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாய். முக்கியமான நாள் என்பதால் அன்று ஒரு சிலுவை போதாது என்று நினைத்தேன். இரண்டு முறை முக்கி எடுத்து வைத்தேன். கிளம்பும் முன் உன் தலையில் கை வைத்து ஜெபித்தபோது, நீ அவசரத்தில் நெளிந்தாய். விரலில் இன்னும் எண்ணெய் இருந்தது. உன் முடியில் துடைத்துக்கொண்டேன்.

நீ விழுந்ததை நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். முதல் வளைவுக்கு வந்த மற்ற வண்டிகள் எல்லாம் மெதுவாகி மடங்கித் திரும்பின, உன்னுடையது மட்டும் நேராகப் போனது. ஜல்லிக்குள் இறங்கி, முன் சக்கரம் மடங்கி, நீ தனியாகவும் வண்டி தனியாகவும் உருண்டீர்கள். நான் ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் எந்த வார்டிலும் ஓடியதில்லை. நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். தோளைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, காறை எலும்பு முறிந்திருக்கிறது என்று. உயிருக்கு ஒன்றுமில்லை என்றதும் அந்த ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டுப்போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நீ வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தாய். டில்லி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பேடைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "மறுபடியும் எண்ணெ மச்சி" என்றான். நீ ஃபோர்க்கைப் பார்த்தாய். காய்ந்திருந்தது. சீலிலிருந்து ஒரு சொட்டு கூடக் கசியவில்லை. அப்போது நீ சொன்னாய், சுற்றிலும் அத்தனை பேர் நிற்க, "கையக் காட்றா."

அவன் புரியாமல் உன்னைப் பார்த்தான். "கையக் காட்டுன்னு சொன்னேன். எந்த கிரீஸ் கையோட பேட மாட்டின?" அவன் இரண்டு கையையும் திருப்பிக் காட்டினான். மெக்கானிக் கை எப்படி இருக்கும்? ரேகையெல்லாம் கருப்பாகத்தான் இருந்தது. பக்கத்து டீம் ஆள் ஒருவன் சிரித்தான். "இனிமே என் வண்டியத் தொடாத. வீட்டுப் பக்கமும் வராத" என்றாய். எண்ணெ என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்த எவர்சில்வர் தட்டு, பேடு, என் விரல், எல்லாம் ஒரே நொடியில். குப்பி என் கைப்பையில் இருந்தது. இரண்டு அடி முன்னால் வந்து, "நான்டா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு வருடத்தில் எனக்கே பல பதில்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்கு வலி, அப்போது சொல்லி என்ன ஆகும் என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவன் உன்னோடு பிறந்தவன் மாதிரி, நாலு நாளில் சேர்ந்துவிடுவீர்கள் என்றேன். இதெல்லாம் பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. உண்மை இரண்டு. ஒன்று, என் பிள்ளையை நானே தள்ளிவிட்டேன் என்று என் பிள்ளை தெரிந்துகொள்வதை என்னால் தாங்க முடியாது. இன்னொன்று இதைவிட மோசம். நீ வண்டியை விற்கிறேன் என்று சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழி யார் மேல் போனால் என்ன, அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. நீ ஆசைப்பட்டதை இழந்து ஒற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மாதம், நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதும்போது என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை.

சின்ன வயதில் உனக்கு அடிக்கடி ஒரு கதை சொல்வேனே, வார்டில் நான் தவறாக எழுதிய ஒரு சார்ட்டுக்காக ஆயாவைத் திட்டினார்கள், நான் பெரிய டாக்டர் முன்னால் போய் நின்று என் தவறு என்று சொன்னேன் என்று. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ கூட, "தெரியும்மா, அப்புறம் அந்த டாக்டர் உன்னைப் பாராட்டினார்" என்று முடித்து வைப்பாய். யோசித்துப் பார்த்தால் அன்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த ஆயாவும் டாக்டரும் எனக்கு வேண்டியவர்கள் இல்லை, அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் வீட்டுக்கு வந்து சோறு தின்னலாம். நமக்கு வேண்டியவர்கள் முன்னால்தான் வாய் அடைத்துப் போகிறது. குடும்பம் நடத்தப் போகிறவன் நீ, புத்திமதி என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல முடியும். வெளியில் யோக்கியமாக இருப்பது பெரிய காரியம் இல்லை. வீட்டுக்குள் அன்றன்றைக்கே சொல்லிவிடு. ஒருநாள் தள்ளினால் அடுத்த நாள் இரண்டு பங்கு கனக்கும். வரப்போகிற பெண்ணிடம் உன் அம்மா மாதிரி இருக்காதே.

அப்பாவின் நோட்டில் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை டில்லி கடைக்குப் போனேன். ஒரு வருடமாக அந்தச் சந்துப் பக்கமே போகாமல், ஜிஎஸ்டி ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறவள். அவன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "இன்னாமா, நல்லா கீறீங்களா? அப்பா எப்டி கீறாரு?" என்றான். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உட்காராமலேயே சொன்னேன். எண்ணெய், சிலுவை, மூன்று ஞாயிறு, கைப்பை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும் வரை அவன் ஒரு நட்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "தெரியும்மா" என்றான்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். "அன்னிக்கே தெரியும்மா. டிஸ்க்குல பேடு படற எடம் தேஞ்சி சுத்தமாயிடும். நடுவுல படாத எடம் ஒண்ணு கீது. அங்க சிலுவயோட அடி வால் அப்டியே இருந்திச்சி. விரல் ரேக கூட தெரிஞ்சிச்சி. எங்கம்மா ஆபரேசன் அன்னிக்கு நெத்தில வச்சீங்களே, அதே வாசன" என்றான். நீ கட்டுப்போட்டுக்கொண்டு வருவதற்குள் அவன் அதைப் பார்த்திருக்கிறான். பார்த்து, வேஸ்ட் துணியை எடுத்து அதைத் துடைத்திருக்கிறான். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை அவனே துடைத்துவிட்டு, உன்னிடம் "மறுபடியும் எண்ணெ மச்சி" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்றே நினைக்கிறேன், பஞ்சர் ஒட்ட வந்தவர் திரும்பிப் பார்த்தார். "இன்னான்னு சொல்றது? உங்கம்மாதான்டா உன்ன வுழ வுட்டாங்கன்னா? அப்புறம் அவன் எப்டிமா உங்க கையால சாப்டுவான்?" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, நான் எழுதியே கொடுத்துவிடுகிறேன், அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும், நீ கல்யாணத்துக்கு வந்துவிடு, முதல் பத்திரிகை உனக்குத்தான் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் தலையை அசைத்தான். "நீங்க எண்ணெ வச்சத நான் தப்பாவே எடுத்துக்கலமா. அது உங்க பாசம். சொல்லாம வுட்டதயும் வுடுங்க. ஆனா அவன் அத்தினி பேரு முன்னால கையக் காட்டுன்னான் பாருங்க. அந்தக் கைய அவனுக்குத் தெரியாதா? அத நீங்க பண்ணலயே" என்றான். நான் டீ குடிக்காமல் போகக்கூடாது என்று சொல்லி வாங்கி வரச் செய்தான். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். இந்த ஒரு வருடம் என் மூடிய வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இருந்தேன். நான் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இருந்தேன். அதுவும் என் அகம்பாவம்தான். நான் சொல்லாததால் நீ தவறாக நினைத்தாய், அது என் குற்றம். ஆனால் அவன் நிஜமாகவே கிரீஸ் கையோடு அந்த பேடை மாட்டியிருந்தாலும், ஒரு மாதமாக உனக்காகச் சாப்பாடு மறந்து குந்தியிருந்தவனிடம் அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாமா? அதற்கு என் எண்ணெய் மேல் பழி போட முடியாது. வலியில் வாய் தவறிவிட்டது என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஒரு வருடம் கழித்து, வலி போன பிறகு, நோட்டைப் பார்த்து அடிக்கச் சொன்னாயே.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாம ரெண்டு பேரும் போய் பத்திரிகை வெச்சிட்டு வந்துடுவோம், அவன் வந்துடுவான், நல்ல பையன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்காக அவன் வருவான், ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டுப் போவான், நீயும் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொள்வாய், அதோடு முடிந்துவிடும். அப்படி முடிய வேண்டாம். அவனுக்கான பத்திரிகை பெயர் எழுதாமல் மேசை மேல் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் கடை திறக்கிறான். என்னோடு எவ்வளவு நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இருந்துகொள், நான் செய்ததற்கு அது தகும். ஆனால் என் மேல் உள்ள கோபத்தைக் காரணம் காட்டி அவனிடம் போகாமல் இருந்துவிடாதே. என் குற்றத்தை நான் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னுடையதை நான் சொல்ல முடியாது, கூடவும் வரமாட்டேன்.

அம்மா